கதவைச் சாத்துகிறவர்

நாட்காட்டியிலிருந்து கிழித்த தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்துகிறார். இரண்டு விரலால் அதன் நுனியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு மெல்ல இழுக்கிறார். தாள் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் முகம் சுண்டிப் போகிறது. வராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டால், "விடமாட்டேங்குது, நல்லா இருக்கு" என்று அந்தக் கதவைத் தட்டிக்கொடுக்கிறார். பிறகு ஒரு சாண் தள்ளி வைத்து மறுபடியும் இழுக்கிறார். ஃப்ரீசர் கதவின் நாலு ஓரமும் இப்படிச் சுற்றி முடிப்பதற்குள், வீட்டுக்காரர் அவருக்காகப் போட்டுவைத்த தேநீரில் ஆடை படிந்துவிடும். அதையும் ஆடையோடு அப்படியே குடிப்பார்.

தெருவில் அவருக்கு ஜில்லு என்று பெயர். சின்னப் பிள்ளைகளுக்கு ஜில்லு மாமா, எனக்கு ஜில்லு அண்ணன். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆள் குட்டை. ஃப்ரீசரின் மேல் தட்டை எட்டுவதற்கு நுனிக்காலில் நிற்க வேண்டும். கொளுத்தும் வெயிலிலும் தலையில் ஒரு கம்பளிக் குல்லாய் இருக்கும். இடது காதை இழுத்து மூடியிருப்பார், வலது காது வெளியே இருக்கும். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் மூடிட்டா மெஷின் சொல்றதை யார் கேக்குறது?" என்றார்.

பீரோ மாதிரி நிமிர்ந்து நிற்கிற ஃப்ரீசர்தான் அவருடைய தொழில். பெட்டி மாதிரிப் படுத்திருப்பதை அவசரத்துக்குப் பார்ப்பார், ஆனால் மனசு ஒட்டாது. "படுத்திருக்கிறதுக்கு என்ன கவலை? மூடியைத் திறந்தாலும் குளிர் உள்ளேயே கிடக்கும். நிக்கிறது பாவம். கதவைத் திறந்தா அத்தனையும் காலடியில கொட்டிடும்" என்பார். கொட்டுகிற குளிரை ஏதோ கைக்குழந்தை தவறி விழுவதைப் போலச் சொல்வார்.

அதனாலேயே திறந்த கதவு அவருக்கு ஆகாது. தெருமுனைக் கடையில் ஒரு பெண்மணி ஃப்ரீசரைத் திறந்து பிடித்துக்கொண்டு, எதை எடுப்பது என்று மோவாயில் கைவைத்து நின்றார். சாமான் வாங்க வந்த அண்ணன் பின்னாலிருந்து கையை நீட்டி அதைச் சாத்திவிட்டார். "யோசிச்சுட்டுத் திறங்கம்மா. திறந்துட்டு யோசிக்காதீங்க." அந்த அம்மாள் கடையை மாற்றிக்கொண்டார் என்று கடைக்காரர் இன்றுவரை குறைப்படுகிறார். தொலைக்காட்சி விளம்பரத்தில் யாராவது குளிர்சாதனப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு பாடினால், அண்ணன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாராம். இதை எனக்குச் சொன்னது அண்ணி, அவருடைய மனைவி.

அண்ணன் குடும்பம் மாடியில், நான் கீழே. அவர்கள் வீட்டு முன்னறைக்குள் முதன்முறை போகிறவர்கள் வாசலிலேயே தயங்கி நிற்பார்கள். நாலு சுவரிலும் கதவுகள் சாய்ந்திருக்கும். வெள்ளைக் கதவு, பழுத்துப்போன கதவு, வெளிர்பச்சைக் கதவு. எல்லாம் என்றோ செத்துப்போன ஃப்ரீசர்களுடையவை. ஒன்றில் யார் வீட்டுக் குழந்தையோ ஒட்டிய பூனைப் படம் பாதி கிழிந்து நிற்கிறது. இன்னொன்றில் காந்தப் பூ ஒட்டியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் பூ வடிவத்திலேயே இருக்கிறது. மாலை வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து விழும்போது, தட்டினால் யாராவது திறந்துவிடுவார்கள் என்று தோன்றும். ஒருநாள் அங்கே நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். ஒரு கதவைத் திறக்கிறேன், உள்ளே இன்னொரு கதவு. அதைத் திறந்தால் என் சின்ன வயசு வீட்டுக் கூடம். அங்கேயும் அண்ணன் நின்றுகொண்டு, "சாத்தும்மா" என்கிறார். விழித்துப் பார்த்தால் எதிரே உட்கார்ந்து ஒரு கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

கதவுகளுக்கு நடுவே தகர டப்பாக்கள். திருகுக் குமிழ், கீல், மோட்டாரைக் கிளப்புகிற ரிலே, குளிரை அளந்து மோட்டாரை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் எல்லாம் அவற்றில் கிடக்கும். எந்த மூலையிலிருந்து எந்த ஃப்ரீசர் வந்தாலும் அதற்கு வேண்டிய உறுப்பைத் தேடிக் கொடுத்துவிடுவார். கிடைக்காது என்கிற சொல் அவர் வாயில் வந்ததில்லை. "அது எங்கயோ இருக்கு. நம்மகிட்ட இன்னும் வரல, அவ்வளவுதான்" என்பார். காணாமல் போன மாட்டைத் தேடுகிறவர்போல நாலு ஊர்க் கடைகளுக்குத் தொலைபேசியில் விசாரிப்பார். அதிலும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். கதவு ரப்பர் வாங்கப் போகிறவர்கள் பழைய ரப்பரை அளந்துகொண்டு போகக் கூடாது. "பழசு சுருங்கியிருக்கும், பொய் சொல்லும். உள்ளே சுவத்துல ஒரு தகடு ஒட்டியிருப்பான், அதுல இருக்கிற நம்பரைப் படிச்சு வா. நம்பர் பொய் சொல்லாது." இதை அவர் சொல்லிக் கேட்டுக் கேட்டு, தெருவில் பாதிப் பேர் தங்கள் ஃப்ரீசர் நம்பரை மனப்பாடமாகச் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

அவர்களுடைய சமையலறை என் படுக்கையறைக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கேதான் அண்ணனின் சொந்த ஃப்ரீசர் நிற்கிறது. பழைய மாடல், ஆளுயரம், முக்கால்வாசி நாள் பனி கட்டிக்கொண்டு கிடக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அதன் முனகல் கூரை வழியாக இறங்கி வரும். கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்கும், பிறகு ஓடும். எனக்குத் தாலாட்டு என்று வாய்த்தது அதுதான். என் மதியத் தூக்கத்தில் எப்போதும் ஒரு படகு வரும். முனகல் இருக்கும்போது படகு போகும், நின்றால் படகும் கரையில் ஒதுங்கி நிற்கும்.

அந்த ஃப்ரீசரின் மேல் தட்டில், மூலையில், ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. அதற்குள், பல சுற்றுத் தாளுக்குள், ஓர் ஆலங்கட்டி.

அண்ணனின் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு கோடை மழையில் மொட்டை மாடி முழுக்க ஆலங்கட்டி விழுந்தது. எலுமிச்சை அளவில் ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து அப்பா கையில் கொடுத்து, "நான் பெரியவளாகிற வரைக்கும் உருகாம வச்சிருப்பா" என்று சொன்னாள். அண்ணனும் சரி என்றார். அன்றைக்கு அவருக்கு வேறு என்ன வேலை, உடனே உள்ளே வைத்துச் சாத்திவிட்டார்.

மற்ற எத்தனையோ விஷயத்துக்கும் அவர் சரி என்றுதான் சொன்னார். பள்ளிக்கூட நாடகத்துக்கு வருகிறேன் என்றார், பரிசு வாங்கும்போது முன்வரிசையில் இருப்பேன் என்றார். கிளம்பும் நேரத்தில் யாராவது படியேறி வருவார்கள். உள்ளே இருக்கிறதெல்லாம் கெட்டுப்போகிறது என்பார்கள். அண்ணன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் கடைசியில் வீட்டாருக்குத்தான் இல்லாமல் போவார். வேலை கிடைத்து வெளிதேசத்துக்குக் கிளம்பிய அன்று அந்தப் பெண் வாசலில் நின்று சொன்னது எனக்குக் கீழே வரை கேட்டது. "ஊரார் வீட்டு ஐஸ் உருகினா உங்களுக்குத் தெரியும்ப்பா. நம்ம வீட்டுல எது உருகுதுன்னு தெரியாது." அண்ணன் போய் ஃப்ரீசருக்குள் டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாராம்.

புது ஃப்ரீசர் வாங்கலாமே என்று நான் ஒருமுறை அசட்டுத்தனமாகக் கேட்டேன். புதிதில் எல்லாம் உள்ளே காற்றாடி சுற்றுகிறது, பனி கட்டாது, சௌகரியம் என்றேன். அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பனி கட்டாமல் பார்த்துக்கொள்கிற அந்தக் காற்று ஆலங்கட்டியையும் விட்டுவைக்காதாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுமாம். காற்று அசையாத பழைய மெஷினுக்குள்ளேயே எலுமிச்சை தேய்ந்து நெல்லிக்காயாகி, இப்போது சுண்டைக்காய்க்கு அண்ணனாக இருக்கிறது. "இந்த மெஷின் இருக்கிற வரைக்கும்தான் இது இருக்கும்" என்றார். சரி என்று சொன்னதில் அவர் காப்பாற்றிய ஒரே வார்த்தை அந்த டப்பாவுக்குள் இருந்தது.

போன மாதம் மகள் தொலைபேசியில் பேசினாள். தன் பெண்ணுக்கு அந்தக் கதையைச் சொன்னாளாம், குழந்தை நம்பவில்லையாம். "இன்னும் இருக்காப்பா அது?" என்று கேட்டாள். இருக்கிறது என்றார் அண்ணன். அப்படியென்றால் லீவு போட்டுக்கொண்டு குழந்தையோடு வருகிறேன் என்றாள். இதை என்னிடம் சொன்னபோது அண்ணன் குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் தலை முழுக்க நரைத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் என் தூக்கம் கெட்டது. மதியம் படுத்தால் முனகல் நிற்கவே இல்லை. என் படகு கரையே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. மூன்றாவது மதியம் பொறுக்காமல் மாடிக்குப் போனேன். அண்ணன் தன் ஃப்ரீசருக்கு முன்னால் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்திருந்தார், நாற்காலிமேல் அரிசி டின். கையில் நாட்காட்டித் தாள். எழுந்து எம்பி, கதவின் மேல்மூலையில் வைத்து எனக்கு இழுத்துக் காட்டினார். வெண்ணெயிலிருந்து முடி எடுத்த மாதிரி வந்தது.

ரப்பர் செத்துவிட்டது. அந்த மூலையில் கல்லாக இறுகி இடைவெளி விட்டிருந்தது. வெளிக்காற்று நுழைய, மோட்டார் ஓய்வில்லாமல் ஓடியது. வெந்நீர்த் துணியால் ஒற்றி, வாஸ்லின் தடவி, ஹேர் டிரையரால் சூடு காட்டி எல்லாம் பார்த்துவிட்டார். இப்படியே ஓடினால் மோட்டார் புகைந்துவிடும், மகள் வருவதற்குள் டப்பாவில் தண்ணீர்தான் இருக்கும். அதுவரை என் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாமே என்றேன். அது காற்றாடி வைத்தது, ஒரு வேளை தாங்கும், ஒரு வாரம் தாங்காது என்றார். தெருவில் வேறு பழைய மெஷின் இருக்கிறதே என்றதற்கு, "கொடுத்த வாக்கை அடுத்த வீட்டுல கொண்டுபோய் வைக்க முடியுமாம்மா?" என்றார். வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று கேலி செய்ய வாய் வரை வந்தது. நல்லவேளையாக அடக்கிக்கொண்டேன்.

உள்ளே கையை விட்டுத் தகட்டைத் துடைத்து நம்பரைப் படித்தார். வெளியூர் சாமான் கடைக்காரர் ஒருவர், குரலால் மட்டுமே பழக்கமான பலகாலத்து நண்பர், தன் கிடங்கில் அந்த நம்பருக்கு ஒரே ஒரு ரப்பர் இருக்கிறது என்றார். அது வந்து சேரும்வரை அண்ணி ஃப்ரீசரைத் திறக்கவே இல்லை. நாற்காலியும் அரிசி டின்னும் அங்கேயே இருந்ததால், சோறு வடிக்க வேண்டுமானால் கதவைக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு அரிசி எடுத்தார்.

பொட்டலம் வந்தது மகள் வருவதற்கு முந்தின நாள் காலையில். நான் அங்கேதான் இருந்தேன். மடிப்பு நீங்க ரப்பரை வெந்நீரில் போட்டு எடுத்து, கதவின் பள்ளத்தில் விரலால் அழுத்திக்கொண்டே போனார். மூன்று மூலை சமர்த்தாக உட்கார்ந்தது. நாலாவது மூலைக்கு ஒரு விரற்கடை எட்டவில்லை. கழற்றி, வேறு மூலையிலிருந்து ஆரம்பித்தார். அப்போதும் ஒரு விரற்கடை. இழுத்துப் பார்த்தார். ரப்பர் அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

கடைக்காரரைக் கூப்பிட்டார். அண்ணன் குரலை உயர்த்தி அன்றுதான் கேட்டேன். இத்தனை காலப் பழக்கத்தில் இப்படிச் செய்துவிட்டீர்களே என்றார். கடைக்காரர் பொறுமையாக, நீங்கள் சொன்ன நம்பருக்கு இதுதான் ரப்பர், வேண்டுமானால் திரும்பப் படியுங்கள் என்றார். அண்ணன் விளக்கு அடித்துப் படித்தார். ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுத் தொட்டுப் படித்தார். சரியாகத்தான் இருந்தது. போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, "நம்பர் பொய் சொல்லாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை; ஜன்னலைப் பார்த்தேன்.

அண்ணி அந்தப் பக்கம் நின்று துணி தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் மகளுக்கு விரிக்க வேண்டிய படுக்கை விரிப்பு. இடது கையால் இஸ்திரிப் பெட்டியை ஓட்டியபடியே, தலை நிமிராமல் சொன்னார்.

"நம்பர் சரிதாங்க. கதவு இதோடது இல்லையே."

அண்ணன் என்ன என்றார்.

"இது வேற மெஷின் கதவு. எனக்கு இடக்கை. பழைய கதவு அந்தப் பக்கமா திறக்கும், ஒவ்வொரு தடவையும் நான் சுவத்துல இடிச்சுக்குவேன். உங்ககிட்ட நான் சொல்லக்கூட இல்லை. ஒருநாள் வந்து பாத்தா கைப்பிடி இந்தப் பக்கம் இருக்கு. எங்கிருந்தோ கதவைக் கொண்டுவந்து மாத்தியிருந்தீங்க." பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மறந்துட்டீங்களா?"

தெருவில் எந்த வீட்டு ஃப்ரீசருக்கு எந்தக் கீலை எப்போது மாற்றினார் என்று அண்ணனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தன் வீட்டில், தன் மனைவிக்காகச் செய்ததை அடியோடு மறந்திருந்தார். என் வீட்டுக்காரர் எனக்கு இப்படி ஒன்று செய்திருந்தால் நாளுக்கு நாலு தரம் சொல்லிக்காட்டியிருப்பார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு அண்ணி நின்ற விதத்தைப் பார்த்தேன். இத்தனை காலமும் அந்தக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அவர் மட்டும் அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று புரிந்தது.

ரப்பர் வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே என்று அண்ணன் முணுமுணுத்தார். "நீங்க மறந்திருப்பீங்கன்னு நான் என்னத்தைக் கண்டேன்" என்றார் அண்ணி.

"பழைய கதவு என்னாச்சு?"

அண்ணி விரிப்பை மடித்தார். அதன் கீழிருந்த போர்வையை உருவினார். இரண்டு முக்காலிகளின் மேல், இத்தனை காலமாக அவர் துணி தேய்த்துவந்த பலகை வெள்ளையாக வெளிப்பட்டது. ஒரு மூலையில் கீல் மாட்டும் துளை இருந்தது. நாலு ஊர் விசாரித்த மனிதர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கயோ இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க" என்றார் அண்ணி.

அதைத் தொட்டுப் பார்த்த அண்ணன் கையை எடுத்துக்கொண்டார். உனக்குத் திரும்பவும் அந்தப் பக்கம் திறக்குமே என்று தயங்கினார்.

"எனக்கு வலது கை இல்லாமயா போச்சு? மாட்டுங்க."

கதவு மாற்றி முடிகிறவரை டப்பா என் வீட்டு ஃப்ரீசரில் இருந்தது. அண்ணனே அதைக் கம்பளியில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கி வந்தார். நான் சட்டென்று எதையாவது எடுக்கத் திறந்துவிடுவேன் என்று பயந்து, காவலுக்கு அண்ணியை அதன் முன்னால் முக்காலி போட்டு உட்காரவைத்தார். என் வீட்டில் எனக்கே மோருக்கு ஐஸ் கிடைக்கவில்லை. மாலையில் மேலே சுத்தியல் சத்தம் ஓய்ந்தது. போய்ப் பார்த்தேன். புது ரப்பர் தன் சொந்தக் கதவில் நாலு மூலையும் நிறைந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் கண்ணை மூடித் தாளை இழுத்தார். கதவு விடவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். தாள் பாதியில் கிழிந்தது. கிழிந்த பாதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் மோட்டார் ஓய்ந்தது. அந்தப் பெருமூச்சும் கேட்டது.

மறுநாள் மதியம் மகள் வந்தாள். பெட்டிகள் கூடத்திலேயே கிடந்தன. குழந்தை செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றது. வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். அண்ணன் பழக்கத்தில் இந்தப் பக்கம் கையை நீட்டி, கைப்பிடி இல்லாமல் தடவி, பிறகு அந்தப் பக்கம் போய்த் திறந்தார். நுனிக்காலில் எம்பி டப்பாவை எடுத்தார். தாளைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்து, உள்ளே இருந்ததை மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதை விரலால் மெல்லப் புரட்டிப் பார்த்தாள். "இவ்வளவு சின்னதா ஆயிடுச்சேப்பா" என்றாள்.

"நீ பெரியவளாயிட்டல்ல" என்றார் அண்ணன்.

குழந்தை கையை நீட்டியது. உடனே உள்ளே வைக்கச் சொல்வார் என்று அண்ணனைப் பார்த்தேன். அவர் குழந்தையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அதை மெல்லக் குழந்தையின் கைக்கு மாற்றினாள். ஒரு துளி, குழந்தையின் மணிக்கட்டில் வழிந்தது.

ஃப்ரீசர் கதவு விரியத் திறந்து கிடந்தது. குளிர் வெண்புகையாக இறங்கி எங்கள் எல்லோருடைய காலடியிலும் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் முனகத் தொடங்கியது. சாத்திவிடலாம் என்று நான் கையை நீட்டினேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் பேத்தியின் கைக்குக் கீழே தன் உள்ளங்கையை ஏந்தியபடி குனிந்து நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.